ரிவர்ஸ்டனில் உங்களை நிறுத்திவிட்டுத் தூங்கினேன்

மிட்வைஃப் அம்மா,

இன்று காலை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் புது மிட்வைஃப் வந்தாள். சின்னப் பெண். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் என்னிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கூரை மரத்தில் தராசை மாட்டினாள். உங்களுடைய தராசேதான். குழந்தையின் இரண்டு கால்களையும் நுழைத்துத் தொங்கவிடுகிற அந்த நீலத் துணிக் காற்சட்டையும் உங்களுடையதுதான். அதை அவள் ஒரு உதறு உதறினாள். பினாயிலும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த உங்கள் பையின் வாசனை அறை முழுக்கப் பரவியது. பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. நான்தான் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

"முன்ன இருந்த மிட்வைஃப் அம்மா தங்கமான மனுசியாமே ஆயாம்மா? தேயில ஸ்டோர்ல எல்லாரும் சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண்.

"எடைய ஒழுங்கா எழுதுங்க," என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றிக் குறையாகப் பேசினால் ஊர் முகம் சுளிக்கும். அதனால் பேசவில்லை, எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், மிச்சத்தைப் பழைய பேப்பர்களில் படித்தேன். உங்களைத் திட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. என் மகன் சந்திரன் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நீங்கள் லயத்து வரிசையில் எங்கள் குடும்பம் இருந்த காம்பரா வாசலில் வந்து நின்றீர்கள். வெள்ளைச் சேலை, மடக்கிய குடை, சிரித்த முகம். உள்ளே தொட்டிலில் அவன், வாசலில் நான், என் காலடியில் இரண்டு வயது மகள்.

"ஒரு பொண்ணு, ஒரு பையன். போதும்டி லெச்சுமி. ஒடம்பக் கொஞ்சம் ஆறப்போடு," என்றீர்கள்.

"பொறகு வேணும்னா என்னம்மா செய்யிறது?"

"பொறகு வேணும்னா அவுத்து விட்டுறலாம். கருக்கொழாயக் கட்டுறதுதானே? இங்க பாரு."

உங்கள் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். இறுக்கினீர்கள். பிறகு இரண்டு விரலால் அதை அவிழ்த்து, சேலையை நீவி, எங்களுக்குக் காட்டினீர்கள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் எல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். "இம்புட்டுத்தானா?" என்று செல்லம்மா சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

மறுவாரம் கொழுந்து ஏற்றுகிற லொறியில் சாக்கு விரித்து எங்களை ஏற்றினீர்கள். மூன்று லயத்திலிருந்து பதினொரு பேர். ரத்தோட்டை கடைத்தெருவைத் தாண்டும்போது தேருக்குப் போகிறவர்களைப் போல நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். நீங்கள் முன்சீட்டில் இருந்தீர்கள். ஒரு மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, பெயரைத் தவிர. திரும்பி வரும்போது ஆளுக்கொரு சேலை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது கத்தரிப்பூ நிறம். லொறி குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேலை நிறம் நல்லாயிருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வந்தோம். அத்தனை முட்டாள்களாக இருந்தோம்.

கலவரத்தில் மாத்தளைத் தமிழ்க் கடைகள் எரிந்த அந்த ஆடி மாதம் சந்திரனுக்கு மூன்று வயது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியபோது பாதை அடைத்துக் கிடந்தது. கீழே போன வாகனங்கள் திரும்பவில்லை, மேலே எந்த வாகனமும் புறப்படவில்லை. ஒரு உண்மையை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். மூன்று நாளும் நீங்கள் எங்கள் காம்பராவை விட்டுப் போகவில்லை. உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அவன் வாயில் ஊற்றினீர்கள். அவன் போனபோது என்னைவிடச் சத்தமாக நீங்கள்தான் அழுதீர்கள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஊர் அடங்கியதும் உங்களைத் தேடி டிஸ்பென்சரிக்கு வந்தேன். "அம்மா, முடிச்ச அவுத்து விடுங்க," என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒடம்பு தேறட்டும்டி," என்றீர்கள். ஆறு மாதம் கழித்து வந்தேன். "மழைக்காலம் போகட்டும்." மழைக்காலம் போனது. "டாக்டர் லீவுல போயிருக்காரு." இப்படியே இரண்டு வருடம் என்னை நடக்க விட்டீர்கள். அந்த இரண்டு வருடமும் என் வீட்டுக்காரர் மாரிமுத்து தொட்டிலைக் கழற்றவில்லை, பாருங்கள். கயிற்றில் தூசி படிந்தால் துடைத்துவிட்டுப் போவார்.

கடைசியில் உங்களிடம் சொல்லாமல் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் வயசான சிங்கள டாக்டர் ஒருவர் என் வயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். "நங்கி, ஆயெ பே," என்றார். இனி முடியாது என்பதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ் அட்டெண்டன்ட் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத வெட்டிக் கட்டுவாங்கக்கா. யாரு ஒங்களுக்கு அவுக்கலாம்னு சொன்னது?" என்றாள். உங்கள் முந்தானைதான் சொன்னது என்று எப்படிச் சொல்ல?

அன்று மாரிமுத்து தொட்டிலைக் கழற்றினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதம் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. தோட்டத்துத் துரையிடம் சிபாரிசு செய்தது நீங்கள் என்று பிறகு தெரிந்தது. என் பிள்ளைக்குப் பதிலாக ஊர்ப் பிள்ளைகளைக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தீர்கள். வேலையை நான் விடவில்லை. உங்களையும் விடவில்லை. மாதம் ஒருமுறை எடை பார்க்க வருவீர்களே, உங்களுக்கென்று விளிம்பு உடைந்த கோப்பை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். இருபது வருடம் அதில்தான் உங்களுக்குத் தேத்தண்ணி. உடைந்த பக்கத்தை உங்கள் வாய்ப்பக்கம் வைத்துத்தான் நீட்டுவேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிப் பிடித்துக் குடிப்பீர்கள். கோப்பையை ஒருநாள் நீங்கள் வீசி எறிந்திருந்தால் நாம் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அப்புறம் எனக்குத் தீட்டு நிற்கிற வயது வந்தது. நிற்பதற்குள் அது பண்ணிய கூத்து கொஞ்சமா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மார்பிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து, காது எல்லாம் எரியும். ரவிக்கை நனைந்துவிடும். அடுத்த நிமிடம் குளிரும். பக்கத்தில் மாரிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், நான் கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு கண் தூக்கம் இல்லாமல் காலையில் வேலைக்குப் போவேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரு அரைமணி நேரத்தில் தட்டித் தூங்க வைக்கிறவளுக்கு, தன்னைத் தூங்க வைக்க வழி தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்துவிட்டேன். ஒரு வயது நித்யா கதவிடுக்கில் நுழைந்து தவழ்ந்து போய், லொறிப் பாதையின் நடுவில் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தாளாம். டிரைவர் பிரேக் போட்டு, இறங்கி, அவளைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். அப்போதும் நான் விழிக்கவில்லை. மறுநாள் துரை கூப்பிட்டார். "இன்னொரு தரம் தூங்கினா ஆயா வேலை இல்லை. நீ கூடை எடுத்து மலைக்குப் போ. சரியா?" என்றார் அவருடைய தமிழில். முழங்கால் தேய்ந்த ஐம்பது வயதில் மலை ஏறுவது கஷ்டம்தான். ஆனால் அதைவிட, என் மகளையும் நாலந்தாவுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட பிறகு, அந்தப் பிள்ளைகளை என் கையிலிருந்து பிடுங்கினால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? நித்யாவின் வாயிலிருந்த மண்ணை விரலால் தோண்டி எடுத்தது இன்னும் என் நகத்தில் இருக்கிறது.

தூக்க மாத்திரை வாங்கத்தான் டிஸ்பென்சரிக்கு வந்தேன். மருந்து கொடுக்கிறவர் இல்லை, நீங்கள் இருந்தீர்கள். திரும்பிப் போயிருப்பேன். துரை சொன்னது உங்கள் காதுக்கும் வந்திருந்தது போல. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாத் தூங்கல?" என்றீர்கள்.

"மாத்திர இருந்தா குடுங்க, இல்லாட்டி விடுங்க."

"மாத்திர போட்டா மத்தியானமும் சேத்துத் தூங்குவ. வேலையும் போயிரும். நாலு மணிக்குப் பிள்ளைங்க போன பொறகு பாய விரிச்சு வையி. நான் வர்றேன்."

வரக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். தூக்கம் கெட்டவளுக்கு மானம் ரோசம் குறைந்துவிடுகிறது.

வந்தீர்கள். பிள்ளைகளின் சின்னப் பாயில் என்னைப் படுக்கச் சொன்னீர்கள். என் கால் பாயை விட்டு வெளியே நீண்டுகிடந்தது. கண்டியில் உங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு டாக்டரம்மா பிரசவ வலிக்காகச் சொல்லிக்கொடுத்த வித்தையாம். உங்களுக்குத் தீட்டு நின்றுபோன காலத்தில் இதை வைத்துத்தான் தூங்கினீர்களாம்.

"இதுக்குப் பேரு ஹிப்னாடிசம். நீயே ஒனக்குச் செஞ்சுக்கிறது," என்றீர்கள்.

"மாத்தள தேர்ல ஒருத்தன் கோழிய மயக்கிப் படுக்கப் போட்டானே, அதுவா?"

"அதேதான். கோழியும் நீதான், வித்தக்காரியும் நீதான்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கூரை மரத்தில் ஒரே ஒரு ஆணியைப் பார்க்கச் சொன்னீர்கள். கண் தானாகச் சோரும்வரை பார்க்க வேண்டும். பிறகு மூச்சு. இழுக்கும்போது ஒன்றும் செய்ய வேண்டாம், விடும்போது ஒரு எண். இருபதிலிருந்து கீழே. ஒவ்வொரு எண்ணுக்கும் தேயிலை மலையின் கல்படி ஒன்றில் இறங்குவதாக நினைக்க வேண்டும். கால்விரல், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தளர விட வேண்டும். படியெல்லாம் இறங்கி முடிந்ததும் எனக்குப் பிடித்த ஒரு குளிர்ந்த இடம் இருக்க வேண்டும். அங்கே போய் நின்று எனக்கு நானே மூன்று தரம் சொல்ல வேண்டும்: இங்க குளிருது, என் ஒடம்பு ஆறுது, நான் தூங்குறேன்.

"தூங்கணும்னு சொல்லாத. தூங்குறேன்னு சொல்லு. ஒடம்பு சொன்ன பேச்சக் கேக்கும்டி. சொல்ற விதமாச் சொல்லணும்."

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு அனல் எழுந்ததே, அது வயதுக் கோளாறால் வந்தது என்று நினைத்து ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தீர்கள். கால் நூற்றாண்டுக்கு முன்னால் என் உடம்பு உங்கள் பேச்சைக் கேட்டு லொறி ஏறியது. சொல்ற விதமாகத்தானே சொன்னீர்கள்?

முதல் ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. படி இறங்குவேன், இடம் தேடுவேன். ஓடையை நினைத்தால் சந்திரன் ஓடையில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பான். கோயில் மரத்தடியை நினைத்தால் அங்கேயும் ஓடி வருவான். அவனைப் பார்த்த பிறகு எங்கே தூங்குவது? அவன் ஒரு தடவையும் போகாத இடமாக வேண்டும் என்று தேடினேன். அப்போதுதான் ரிவர்ஸ்டன் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை எங்கள் கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாம் லொறியில் போயிருந்தோம். மேலே இரும்புக் கோபுரம், சுற்றிலும் புல், நிற்கிறவளைத் தள்ளிவிடுகிற காற்று, கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். எங்கள் தோட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த மலைதான் தெரியும். அங்கே போய் நின்றேன். நல்ல குளிர். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

மறுநாளும் அங்கே போனேன். மூட்டம் கொஞ்சம் விலகியது. பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். அதே வெள்ளைச் சேலை. குடை இல்லை, ஸ்வெட்டர் இல்லை, காலில் செருப்பு இல்லை. காற்று உங்கள் முந்தானையைப் பிடுங்குகிறது. பல் கிட்டுகிறது. "லெச்சுமி, குளிருதுடி, கூட்டிட்டுப் போ," என்கிறீர்கள். நான் என் மேல் கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "மழைக்காலம் போகட்டும்," என்றேன். திரும்பி நடந்தேன்.

அப்படி ஒரு தூக்கம், அம்மா! பத்து மாதத்தில் முதல் தூக்கம். மாரிமுத்து விடிந்த பிறகு உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு தினமும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் "ஒடம்பு தேறட்டும்" என்று சொல்லிவிட்டு வருவேன், ஒரு நாள் "டாக்டர் லீவுல போயிருக்காரு" என்பேன். உங்கள் வாயிலிருந்து வந்த சாக்குகளையே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். உடம்பில் அனல் ஏறினால் உங்களை இன்னும் கொஞ்சம் மேலே, கோபுரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவேன். அனல் இறங்கிவிடும். பகலில் கண் தெளிந்தது. நித்யா நடக்கப் பழகினாள், ஓடப் பழகினாள், ஒருமுறைகூட என் கண்ணைத் தாண்டிப் போகவில்லை. துரை ஒரு நாள் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். என் வேலை நிலைத்தது.

நீங்களோ அதைத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தீர்கள். "லெச்சுமியத் தூங்க வச்சது நாந்தான்," என்று ஸ்டோர் வரைக்கும் போய்ச் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோசம். நீங்கள் எங்கே நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாதே என்று நினைத்தேன். பாடம் பழகப் பழக நாலு மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். ஒருநாள் கேட்டீர்கள்.

"எந்த எடத்துக்குடி போற?"

"ரிவர்ஸ்டனுக்கு."

"தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்."

நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரத்தோட்டையில் ஒரு வாடகை அறைக்குப் போனீர்கள். இங்கே உங்கள் இடம் காலியாகவே கிடந்தது. இரண்டு வருடத்தில் நெஞ்சில் நீர் கட்டி, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று கேள்விப்பட்டேன். ஆள் அனுப்பியது நீங்கள்தான். வரவேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு, படுக்கையில் கிடக்கிற உங்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. ஆசை என்றுதான் எழுதுகிறேன்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தீர்கள். "லெச்சுமி, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நானே எண்ணிப் பாத்தேன், மூச்சு வாங்குது, எண்ண முடியல. நீ எண்ணிக் குடுடி," என்றீர்கள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீங்களே தொடர்ந்தீர்கள். "ரிவர்ஸ்டன்ல என்னையத்தானே நிப்பாட்டி வச்சிருக்க?"

"யாரு சொன்னது?"

"நீதான். தூங்கிப் போற நேரத்துல வாய்விட்டுச் சொல்லுவ. மிட்வைஃப் அம்மா, அங்கயே நில்லுங்கன்னு. பக்கத்துல ஒக்காந்த மொத நாளே கேட்டேன். ஒனக்குத் தூக்கம் வந்தாச் சரின்னு நின்னுக்கிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? அந்த ஒரு பழிதான் எனக்கென்று இருந்தது. அதையும் எடுத்து உங்கள் தருமக் கணக்கில் போட்டுக்கொண்டீர்கள். எத்தனை நாள் நான் உங்களைக் குளிரில் விட்டேன் என்று மகிழ்ந்தேனோ, அத்தனை நாளும் நீங்கள் எனக்குப் பெரிய மனது பண்ணிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

"எண்ணுறேன்," என்றேன். "அதுக்கு முந்தி ஒன்னு சொல்லுங்க. அந்த முடிச்ச அவுக்க முடியாதுன்னு அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"மேல இருந்து ஆள் சேக்கச் சொன்னாங்கடி. லொறி நெறையணும்னு..."

"மேல யாரு சொன்னான்னு நான் கேக்கல. ஒங்களுக்குத் தெரியுமா?"

தலையசைத்தீர்கள். "தெரியும்."

"பதினொரு பேருகிட்டயும் தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான். உள்ளதச் சொன்னா ஒருத்தியும் லொறில ஏற மாட்டீங்கன்னு தெரியும். மன்னிச்சிரு."

மன்னிக்கவில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன், நினைவிருக்கும். ஆனால் பேச்சு பேச்சுதான் என்று எண்ணத் தொடங்கினேன். மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். மூன்று வரை எண்ணிவிட்டு நிறுத்த வேண்டும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். மிச்சம் இரண்டு படியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீங்கள் விழித்துக் கிடக்க வேண்டும். என்னை இரண்டு வருடம் நடக்க விட்டதற்கு அது பெரிய தண்டனையா?

இருபது, பத்தொன்பது என்று மெதுவாக இறங்கினேன். உங்கள் மூச்சு என் எண்ணோடு சேர்ந்து வந்தது. ஐந்து. நான்கு. மூன்று. நிறுத்தினேன். எழுந்திருக்கப் பார்த்தால், என் வலது கை உங்கள் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறது. எப்போது தொடங்கியதோ தெரியாது. பிள்ளைகளைத் தட்டித் தட்டிப் பழகிப்போன பாழாய்ப்போன கை. உங்களைப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றும் இல்லாமலே தூங்கிவிட்டீர்கள். கடைசியிலும் என்னை ஏமாற்றிவிட்டீர்கள், அம்மா.

அடுத்த வாரம் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. சாவு வீட்டில் பின்னால் நின்றேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அது உங்களுக்காக இல்லை என்று அன்றைக்கே எனக்கு நானே மூன்று தரம் சொல்லிக்கொண்டேன். அன்று முதல் பதினேழு நாள் தூக்கம் இல்லை. ரிவர்ஸ்டனுக்குப் போவேன், நீங்கள் அங்கே நிற்பீர்கள், ஆனால் விருப்பப்பட்டு நிற்கிறவளைத் தண்டிக்க முடியுமா? பழையபடி கூரை ஆணிகள், பழையபடி காலையில் எரிகிற கண்.

பதினெட்டாம் நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது செல்லம்மா குடத்தை வைத்துவிட்டு, ரவிக்கையை இழுத்து விசிறிக்கொண்டு, "அனலா எரியுதுக்கா, தூங்கி எத்தன நாளாச்சு," என்றாள். "எனக்கும்," என்றாள் பின்னால் நின்ற பாக்கியம். "எனக்கும்தான்," என்றாள் இன்னொருத்தி. நிமிர்ந்து பார்த்தேன். ஒரே லொறியில் போனவர்கள். ஏறக்குறைய ஒரே வயதுக்காரிகள், அதனால்தானே நீங்கள் எங்களைச் சேர்த்துப் பொறுக்கினீர்கள். ஒரே வருடத்தில் எங்களைக் கட்டினீர்கள், வயது எங்களை ஒரே காலத்தில் எரிக்கிறது. பதினொரு பேரில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. மிச்சம் ஒன்பது.

அன்று சாயந்தரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு பாய்களை விரித்து மற்ற எட்டுப் பேரையும் படுக்கச் சொன்னேன். முதலில் நீங்கள் தலையசைத்ததைச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னீர்கள் என்பதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாக்கியம் மட்டும் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து படுத்தாள். பிறகு ஆணியைக் காட்டினேன், மூச்சைச் சொன்னேன், இருபதிலிருந்து எண்ணினேன். "அடியில ஒங்களுக்குப் புடிச்ச எடம் இருக்கும். அங்க அந்தம்மாவக் கொண்டுபோய் விடுங்க," என்றேன்.

செல்லம்மா உங்களை அட்டை கடிக்கிற காட்டோரத்தில் வெறுங்காலோடு விட்டாள். பாக்கியம் நனைந்த கொழுந்துக் கூடையை உங்கள் முதுகில் மாட்டி, மழையில் தராசு வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். ஒருத்தி உங்களை அதே லொறியில் சாக்கின் மேல் உட்கார வைத்து, பல்லேகமைக்குப் போகிற குண்டும் குழியுமான பாதையில் ஓட விட்டாள். மீனாட்சி மட்டும், "நான் மன்னிச்சிட்டேன்கா, பாவம்," என்றாள். மூன்று நாள் அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து, "எங்க லயத்துப் பீலியில இருந்து மேட்டு லயத்துக்குத் தண்ணி சொமக்க வச்சேன். அடிச்சுப் போட்டாப்புலத் தூக்கம்," என்று வெட்கத்தோடு சொன்னாள்.

இந்த இடங்களுக்கெல்லாம் நீங்கள் விரும்பிப் போகவில்லை. உங்களிடம் யாரும் கேட்கவில்லை, பெயரைத் தவிர. எனக்கும் தூக்கம் திரும்பி வந்துவிட்டது.

நல்ல வித்தை கற்றுக்கொடுத்தீர்கள், அதை மறுக்கமாட்டேன். என்னிடம் இருப்பது அதுதான், அதை வைத்துத்தான் நாங்கள் ஒன்பது பேரும் கண் மூடுகிறோம். நேற்றுப் பாயைச் சுருட்டும்போது செல்லம்மா கேட்டாள், "பாவம்கா, அந்தம்மாவுக்கு எப்பத்தான் ஓய்வு?"

"ஒன்பது பேரும் தூங்கி முடிச்ச பொறகு," என்றேன்.

எனக்குக் கண்ணைச் சுழற்றுகிறது. இருபது எண்ணப் போகிறேன். எழுந்து நில்லுங்கள், மிட்வைஃப் அம்மா. இன்றைக்கு முதலில் என்னோடு.